பொருத்தனை நோட்டு

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 41. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று தலைமுறையாக நாங்கள் கிறிஸ்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. 'பிள்ளை பிழைத்தால் ஒரு மாதச் சம்பளத்தை முழுசாகக் காணிக்கை வைக்கிறேன்' என்று பொருத்தனை செய்தேன். பிழைத்துவிட்டான். ஆனால் வீட்டுக் கடன் தவணை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று காணிக்கை தள்ளிக்கொண்டே போய்விட்டது. போன ஜூனில் என் கணவர் பைக்கில் இருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஜெபிக்க வந்த ஓர் ஊழியர், 'செலுத்தாத பொருத்தனை ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்டார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஒரு நோட்டுப் போட்டு, செய்த பொருத்தனை, தவறிய உபவாசம், வீட்டில் நடந்த கெட்டது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். காலை ஜெபத்தில் கவனம் சிதறினால் முதலில் இருந்து திரும்பச் சொல்கிறேன்; சில நாள் நாலைந்து தடவை. என் கொழுந்தனாரோ குடித்துவிட்டு வந்து, 'எல்லாம் கிருபைதான் மதினி' என்கிறார். கிருபை என்றால் உண்மையில் என்ன ஐயா? சுவிசேஷம் என்றால் நல்ல செய்தி என்கிறார்களே, எனக்கு அதில் என்ன நல்ல செய்தி?

பதில்:

அன்புள்ள சகோதரி, ஸ்தோத்திரம்.

நீங்கள் பொருத்தனையைச் செலுத்தாததால் உங்கள் கணவரின் கால் முறியவில்லை. மற்றதெல்லாம் அப்புறம். இந்த ஒரு வரியை முதலில் படித்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு மேலே வாருங்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, 'இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா?' என்று சீஷர்கள் கேட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த ஊழியர் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். 'அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அந்தக் கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை (லூக்கா 13).

'கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார்' என்று எபிரெயரில் இருக்கிறதே என்று உங்கள் மனம் உடனே எதிர்த்துப் பேசும். நீங்கள் ஆசிரியை. ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் பக்கத்தில் உட்கார வைத்து எழுத வைப்பீர்கள், கொஞ்சம் கடிந்தும் கொள்வீர்கள். அதற்காக அவன் அப்பாவின் காலை உடைக்க யாரையாவது அனுப்புவீர்களா? உங்களுக்கே வராத புத்தி பரலோகப் பிதாவுக்கு வரும் என்று நம்ப உங்களை யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் கல்லெறிய என்னால் முடியவில்லை. ஊழியத்துக்கு வந்த புதிதில் நானும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், 'வீட்டில் ஏதாவது சரிப்படுத்த வேண்டியது இருக்கிறதாம்மா?' என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. அவர்களும் பொருத்தனை செய்தவர்கள்தான். உங்கள் மகன் படுத்திருந்த அதே காய்ச்சல் வார்டில், அதே ராத்திரி, எத்தனை தாய்மார் எதை எதையோ நேர்ந்திருப்பார்கள்! எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். பொருத்தனை ஒரு வியாபாரம் என்றால், வெறுங்கையோடு திரும்பிய தாய் குறைந்த விலை சொல்லிவிட்டாள் என்று ஆகிவிடும். அப்படி ஒரு தேவனை நான் பிரசங்கிக்க மாட்டேன். உங்கள் மகன் உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிடைத்தவன் இல்லை. நீங்கள் வாய் திறந்து பொருத்தனை சொல்லும் முன்பே தேவன் அவனை நேசித்தார்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட சுவிசேஷத்துக்கு வருகிறேன்.

கலியாணம் ஆகி ஆறு மாதம் ஆன பெண்ணிடம் நம் ஊர்ப் பெரியம்மாக்கள், 'என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்பார்கள். அந்த விசேஷம்தான் சுவிசேஷத்துக்குள்ளும் இருக்கிறது. சு என்றால் நல்ல. சுவிசேஷம் என்றால் நல்ல சேதி. கத்தோலிக்க உறவினர்கள் நற்செய்தி என்பார்கள், கிருபையை அருள் என்பார்கள். சொல்தான் வேறு.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் இதற்கு ‘எவாங்கெலியோன்’ என்று பெயர். கிறிஸ்தவர்கள் புதிதாக உண்டாக்கிய சொல் இல்லை இது. ஊருக்கெல்லாம் முழங்கும் அரச சேதிக்கு வழங்கிய சொல். இன்றைய துருக்கியில் இருக்கும் பிரியேனே என்ற பழைய பட்டணத்தில் கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ரோமை ஆண்ட அகஸ்து ராயன் பிறந்த நாளே உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் ஏசாயா, பாழாய்க் கிடந்த எருசலேமை நோக்கி மலைமேல் ஓடிவரும் ஒரு சேதிக்காரனைக் காட்டுகிறார். 'உன் தேவன் ராஜரிகம்பண்ணுகிறார்' என்று சொல்ல வருகிறவனின் பாதங்கள் எவ்வளவு அழகானவை என்கிறார் (ஏசாயா 52). ஓடி வருகிறவன் ஊராரிடம் எந்த வேலையும் ஒப்படைக்கவில்லை. நடந்து முடிந்ததைச் சொல்கிறான்.

உங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை வரும்: இந்தத் தேதிக்குள் இதைச் செய்க, அதைப் பதிவேற்றுக, தவறினால் விளக்கம் தருக. உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நாற்பது வருடமாக நீங்கள் சுவிசேஷத்தைச் சுற்றறிக்கையாகவே கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று தோன்றியது. தப்பு உங்கள் பக்கம் மட்டும் இல்லை. நாங்கள் பிரசங்கப் பீடத்தில் இருந்து அப்படித்தான் வாசிக்கிறோம். இன்னும் ஜெபி, இன்னும் கொடு, இன்னும் உபவாசி. எல்லாம் நல்ல காரியங்கள்தான், சுவிசேஷத்தைக் கேட்டதால் விளைகிற காரியங்கள். சுவிசேஷம் வேறு.

பவுல் ஏறக்குறைய கி.பி. 55இல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தான் அறிவித்த சுவிசேஷம் இன்னதென்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: கிறிஸ்துவானவர் வேதவாக்கியங்களின்படி நமது பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் (1 கொரிந்தியர் 15). பிள்ளைகளுக்கு எழுவாய், பயனிலை கற்றுக்கொடுப்பீர்களே, அதே கண்ணோடு இந்த வாக்கியத்தைப் பாருங்கள். மரித்தது யார்? அடக்கம்பண்ணப்பட்டது யார்? எழுந்தது யார்? எல்லா வினைக்கும் எழுவாய் கிறிஸ்து ஒருவரே. 'நமது பாவங்களுக்காக' என்ற இடத்தில் மட்டும்தான் நாம் வருகிறோம். நாம் கொண்டுவந்தது அது ஒன்றைத்தான். நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஜெபத்தில் கவனம் நின்றதா என்பதற்கெல்லாம் அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. உங்களுக்கான நல்ல செய்தி அதுதான், சகோதரி.

இனி கிருபை. 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்' என்று ரோமர் 4இல் பவுல் எழுதுகிறார். மாதம் முழுக்க வேலை பார்த்தபின் அரசு உங்களுக்குத் தருவது சம்பளம். அது உங்கள் பாத்தியதை. அதற்காக யாரையும் கும்பிட வேண்டியதில்லை. தகுதியைப் பார்க்காமல், திரும்பி வருமா என்றும் பார்க்காமல் தருகிறது எதுவோ அது கிருபை. பரிதாபப்பட்டுத் தண்டனையை விட்டுவிடுவது இரக்கம். கிருபை அதோடு நிற்காது. கையைப் பிடித்து உள்ளே அழைத்து, பந்தியில் உட்கார வைத்துவிடும்.

பந்தி என்றதும் எனக்கு ஓர் அசனம் நினைவுக்கு வருகிறது. அசனம் உங்களுக்குத் தெரியும். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் உதவி குருவாக இருந்த காலம். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, அரிசியும் ஆடும் வாங்கி, ராத்திரி முழுக்கச் சமைத்திருந்தார்கள். மத்தியானம் முதல் பந்தி. கோயில் சுவரை ஒட்டி ஒரு உடை மரம். அதன் அடியில் ஒரு பனையேறி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருடம் மரத்தில் இருந்து விழுந்து முதுகில் அடி; தொழிலுக்குப் போகவில்லை, வரியும் கொடுக்கவில்லை. வந்துவிட்டாரே தவிர, பந்தலுக்குள் நுழையக் கால் வரவில்லை. குழம்புச் சட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார்.

'எலே, இலை போட்டாச்சு. வந்து உக்காரு.'

'நான் வரி குடுக்கலியே, தாத்தா.'

'ஒங்கிட்ட வரியா கேட்டேன்? சோறு ஆறுது, புள்ளைய கூட்டிட்டு வா.'

உட்கார்ந்தார். மற்ற இலையில் விழுந்த அதே அளவு சோறு, அதே கறி அவர் இலையிலும் விழுந்தது. நான் மறக்காதது அதற்குப் பின் நடந்ததுதான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த மனிதர் தண்ணீர் வாளியை எடுத்தார். முதுகு முழுசாகக் குணமாகாத மனிதர், அடுத்த இரண்டு பந்திக்கும் குனிந்து குனிந்து தண்ணீர் ஊற்றினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு ஈடாக ஊற்றினார் என்று நினைத்தால் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன் வீட்டு விசேஷத்தில் பரிமாறுகிறவன் முகம் அது.

எபேசியர் 2ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் போதெல்லாம் எனக்கு அந்த வாளி கண்ணில் தெரியும். 8, 9 வசனங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு, கிரியைகளினால் உண்டானதல்ல. அடுத்த வசனத்தை யாரும் சுவரில் எழுதி மாட்டுவதில்லை. நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது அது. முதலில் இலை, அப்புறம் வாளி. உங்களுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறீர்கள், பந்தியில் இன்னும் உட்காரவே இல்லை.

உங்களைப் போலவே தவித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1505 ஜூலை 2ஆம் தேதி ஜெர்மனியில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு 21 வயது வாலிபன், எர்பர்ட் பட்டணத்துக்குத் திரும்பும் வழியில் இடி மின்னலில் மாட்டிக்கொண்டான். பக்கத்திலேயே மின்னல் விழுந்தது. அலறிப்போய், 'பரிசுத்த அன்னாளே, காப்பாற்றும், நான் துறவியாகிறேன்' என்றான். உயிர் போகிற பயத்தில் செய்த பொருத்தனை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் செய்த மாதிரியே. பதினைந்தே நாளில் மடத்தில் சேர்ந்து பொருத்தனையை நிறைவேற்றியும் விட்டான். நிறைவேற்றினால் நிம்மதி வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் அல்லவா? பின்னாளில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர்தான் அந்த வாலிபன். அவருக்கு வரவில்லை. உபவாசித்தார், குளிரில் விழித்துக் கிடந்தார், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். வெளியே வந்ததும் ஒன்று விட்டுப்போய்விட்டது என்று திரும்ப ஓடினார். அவருடைய ஆன்மிகத் தகப்பனாக இருந்த ஸ்டாபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ரோமர் 1:17இல் வரும் 'தேவநீதி' என்ற சொல்லையே தான் வெறுத்ததாக லூத்தர் 1545இல் எழுதினார். அது நம்மிடம் வசூலிக்கப்படும் நீதி என்று அதுவரை நினைத்திருந்தார். இரவும் பகலும் அந்த வசனத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் அது நமக்குக் கொடுக்கப்படும் நீதி என்று கண்டுகொண்டபோது, பரதீசின் வாசல் திறந்து உள்ளே போனது போல் இருந்தது என்கிறார். அந்த லூத்தரின் சபையைச் சேர்ந்த சீகன்பால்க் என்ற மிஷனரி 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகியிருந்தது. கிருபையை வைத்துக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் பல நூற்றாண்டு பிரிந்து நின்றார்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் பட்டணத்தில், நம்முடைய எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் கொழுந்தனார் விஷயம். 'எல்லாம் கிருபைதான்' என்பது சரியான வாக்கியம், தவறான வாய். கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று பவுலே கேட்டு, 'கூடாதே' என்று முடித்துவிட்டார் (ரோமர் 6). மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று போன்ஹோபர் என்ற ஜெர்மன் போதகர் 1937இல் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கில் ஏற்றப்பட்டார். கிருபை நமக்குப் போதிக்கிறது என்று தீத்து 2இல் இருக்கிறது. கிருபையும் உங்களைப் போல ஓர் ஆசிரியை. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்போது மார்க் கேட்காது, சேர்த்தபின் அப்படியே விட்டுவிடாது. கொழுந்தனாரிடம் இதை விவாதித்துப் பயனில்லை. குடியை விட விரும்புகிற அன்று மருத்துவரிடமும் உங்கள் போதகரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

செலுத்தாத பொருத்தனையை என்ன செய்வது? 'பொருத்தனை பண்ணிக்கொண்டால் செலுத்தத் தாமதியாதே' என்று பிரசங்கி 5இல் இருப்பது உண்மை. சொன்ன வார்த்தையைக் காப்பது நல்ல குணம். ஆனால் லேவியராகமம் 27ஐயும் படியுங்கள். ஓர் ஆளைத் தேவனுக்கென்று பொருத்தனை செய்தால் செலுத்த வேண்டிய விலைப்பட்டியலே அங்கே இருக்கிறது: 20 வயதில் இருந்து 60 வயது வரை ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல். எட்டாம் வசனத்தில், அந்த விலைக்கு வழியில்லாத தரித்திரன் ஆசாரியன் முன் வந்து நிற்கட்டும், ஆசாரியன் அவனுடைய திராணிக்கு ஏற்றபடி மதிப்பிடட்டும் என்று இருக்கிறது. நியாயப்பிரமாணமே இப்படி இறங்கி வருகிறது! தாய் தகப்பனுக்குப் போக வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லிக் கோயிலுக்குத் திருப்பியவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). மாமியாரின் கண்ணுக்குச் செலவழித்த பணம் தேவனிடம் இருந்து திருடிய பணம் ஆகாது.

அதனால் நான் சொல்வது இது. உங்கள் சபைப் போதகரிடம் நேரில் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். கடன் தவணையும் கணவரின் வைத்தியமும் முதலில். கையில் மிஞ்சுகிறபோது, முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றியாகக் கொண்டுபோய் வையுங்கள். பயத்தில் ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். 'நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன். பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே' என்கிறவருக்கு (சங்கீதம் 50) உங்கள் சம்பளம் வந்துதான் நிறைய வேண்டும் என்பதில்லை.

அந்த நோட்டு. கொலோசெயர் 2:14இல், நமக்கு விரோதமாயிருந்த 'கையெழுத்தை' கிறிஸ்து குலைத்து, சிலுவையில் ஆணியடித்தார் என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு, கடன் வாங்கினவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் சீட்டு என்று பொருள். நம் ஊரில் புரோநோட்டு என்போமே, அது. உங்கள் கையால் நீங்கள் எழுதுவதும் ஒரு புரோநோட்டுதான். அவர் கிழித்துப்போட்டதை நீங்கள் தேதி போட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று ராத்திரி அதில் எதையும் எழுதாமல் படுங்கள். உடனே எரிக்கச் சொல்ல மாட்டேன், எரித்துவிட்டோமே என்று அதற்கும் பயப்படுவீர்கள். போதகரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாதக்கணக்கில் தூக்கம் இல்லாததும், சரியாகச் சொல்லவில்லையோ என்ற பயத்தில் ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஓசிடி என்று மருத்துவர்கள் சொல்லும், வேண்டாத பயமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதும் விடாமல் துரத்துகிற நோய் பக்தியுள்ளவர்களிடம் இந்த வடிவத்திலும் வரும். உங்களுக்கு அதுதானா என்று நான் சொல்ல முடியாது, மனநல மருத்துவர் சொல்வார். அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. கணவரின் எலும்புக்கு டாக்டரிடம் போனீர்கள், அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லையே. அதுவரை காலையில் ஒரே ஒரு தடவை ஜெபியுங்கள். கவனம் சிதறினால் சிதறட்டும். ஆமென் சொல்லிவிட்டு எழுந்து டீ போடுங்கள்.

அடுத்த கடிதத்தில் மகனைப் பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள். பெயர் சொல்லவில்லை, எத்தனாவது படிக்கிறான் என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் அவன் அந்தக் காய்ச்சலோடு நின்றுவிட்டான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறானா?